எஞ்சின் பார்க்க வந்தவர்கள்

என் தங்கைக்கு நாங்கள் கொடுத்த சீதனத்தில் ஒரு சிறு வீடு இருந்தது, கொஞ்சம் நகை இருந்தது, வள்ளத்தின் பின்பலகையில் பூட்டி ஓட்டும் எட்டுக் குதிரைவலு எஞ்சின் ஒன்றும் இருந்தது. எண்பத்து மூன்றின் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்துக் குருநகரில், மாப்பிள்ளை வீட்டார் வாயைத் திறந்து முதலில் கேட்டது அந்த எஞ்சினைத்தான். பெண்ணைப் பற்றி அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றும் எனக்கு ஞாபகம் இல்லை. எஞ்சினைப் பற்றிக் கேட்டவை எல்லாம் ஞாபகம் இருக்கின்றன. புதிதா, மண்ணெண்ணெயில் ஓடுமா, கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு போகலாமா? கடைசிக் கேள்வியைக் கேட்டவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. அவர் வாழ்நாளில் எதையாவது தோளில் தூக்கியவராகத் தெரியவில்லை.

நான் அப்போது கடற்கரையோர வேலைத்தளம் ஒன்றில் இப்படியான எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தேன். ஆகவே எஞ்சினை நானே தெரிந்தெடுத்தேன். திருமணம் முடிந்த மறுநாள் காலை மச்சானை, அதாவது தங்கையின் புருசனை, முற்றத்தில் இருத்தி, அதை எப்படி வைத்திருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். புது மாப்பிள்ளையை விடிந்ததும் எஞ்சினுக்கு முன்னால் இருத்துவது மரியாதை இல்லை என்று அவருடைய தாய் அயலில் சொன்னாராம். எஞ்சின் வேண்டும் என்று கேட்டபோது அந்த மரியாதை எங்கே போயிருந்தது என்று நான் யாரையும் கேட்கவில்லை. நாட்குறிப்பில் எழுதிவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

நான் சொன்னவை கடினமானவை அல்ல. கடலால் வந்தவுடன் எஞ்சினைக் கழற்றி, பரல் என்று நாங்கள் சொல்லும் தகரப் பீப்பாவில் நிறுத்தி, நல்ல தண்ணீர் விட்டு, அதற்குள் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும். அப்போதுதான் உள்ளே ஓடிய உப்புத் தண்ணீர் வெளியே போகும். நிறுத்தும்போது எண்ணெய்க் குழாயைப் பூட்டிவிட்டு, காபரேற்றரில் இருப்பது முழுவதும் எரிந்து தானாக நிற்க விட வேண்டும். பிளக்கைக் கழற்றித் துடைக்க வேண்டும். மாரியில் மூடியின்மேல் சாக்குப் போடக்கூடாது; சாக்கு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். சோளகம் என்னும் தென்மேற்குக் காற்றில் அலை எதிரே வரும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்பக்கம் தூக்கும்போதெல்லாம் விசிறி காற்றில் சுற்றி எஞ்சின் கதறும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓடும்போது எஞ்சினின் பக்கத்தால் பீச்சிக்கொண்டு வரும் மெல்லிய தண்ணீர்த் தாரையில் ஒரு கண் இருக்க வேண்டும். அந்தத் தாரை நின்றால் எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீர் உள்ளே போகவில்லை என்று அர்த்தம். உடனே நிறுத்த வேண்டும். அந்தத் தாரைக்குக் கடற்கரையில் வழங்கும் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. கைக்குழந்தை உள்ள எந்த வீட்டிலும் அதைக் கேட்கலாம்.

மச்சான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"மச்சான், இது மிசினோ, பிள்ளைப்பெத்தவளோ? உந்தப் பத்தியமெல்லாம் ஆர் பாக்கிறது?"

யார் பார்த்தார்கள் என்று சொல்கிறேன். குருநகரில் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும் சவர்த் தண்ணீர். வாய் கொப்பளிக்கலாம், குடிக்க முடியாது. நல்ல தண்ணீருக்குத் தெருமுனைக் குழாயடியில் வரிசையில் நிற்க வேண்டும். மச்சான் எஞ்சினைக் கழுவினார்தான், ஆனால் கிணற்றுத் தண்ணீரில் கழுவினார். கழுவினேன் என்று ஊரெல்லாம் சொன்னார். ஒருநாள் நான் எஞ்சினின் தலையைக் கழற்றிப் பார்த்தபோது தண்ணீர் ஓடும் வழிகளில் வெள்ளையாகப் பொருக்கு. ஒரு துண்டைப் பெயர்த்து நாக்கில் வைத்தேன். உப்பு. மச்சானிடம் நீட்டினேன். அவரும் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "கடல்லை ஓடினால் கடல் ருசிதானே இருக்கும்" என்றார். இவரோடு என்ன கதைப்பது?

அன்றைக்குத் தங்கை குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். அன்று தொடங்கி எஞ்சினுக்கு வேண்டிய நல்ல தண்ணீரைக் குழாயடியிலிருந்து சுமந்தவர்கள் அவளும் மச்சானின் தங்கையும். மச்சானின் தங்கை அதே வீட்டில் இருந்தாள். எஞ்சினுக்குத் தண்ணீர் அள்ளும் பெண்களைப் பார்த்துக் குழாயடியில் சிரித்தார்கள். "உங்கடை வீட்டிலை எத்தினை பேர்? மிசினையும் சேத்தோ சொல்லுறியள்?" என்று ஒருத்தி கேட்டாளாம். மச்சானின் தங்கை, "ஓம், மிசினையும் சேத்துத்தான். உழைக்கிறது அது மட்டும்தானே" என்று திருப்பிக் கொடுத்தாளாம். அவளுக்கு வாய் உண்டு. தமையனுக்கும் வாய் உண்டு, ஆனால் அது வேறு வகை.

தொண்ணூறுக்குப் பிறகு எல்லாம் தலைகீழாயிற்று. என் வேலைத்தளம் மூடப்பட்டது. எதிர்க்கரை மண்டைதீவில் ஆமி இருந்தது. ஆழக்கடலுக்குப் போக விடவில்லை. பரவைக்கடல் என்னும் ஆழமில்லாத கடலின் ஓரத்தில், கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், பயந்து பயந்துதான் வலை போட்டார்கள். பெற்றோல் வரவில்லை. ஒயில் வரவில்லை. உதிரிப்பாகம் என்று கடையில் கேட்டால் கடைக்காரர் சிரித்தார். அந்த நாட்களில் நான் பழைய ரப்பர்ச் செருப்பை வெட்டி, தண்ணீர் இழுக்கும் சிறு விசிறி செய்தேன். இடது கால் செருப்பு வலது கால் செருப்பைவிடக் கூடிய நாள் தாங்கியது. காரணம் எனக்குத் தெரியாது, ஆனால் இரண்டையும் போட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன். பெற்றோலை ஒரு மருந்துப் போத்தலில் வைத்து, தொடக்கி விடுவதற்கு மட்டும் சில துளி விட்டு, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம்.

மச்சான் இந்த விசயத்திலும் சொந்த மூளையைப் பாவித்தார். மண்ணெண்ணெயில் கலக்க எஞ்சின் ஒயில் இல்லை என்றதும் யாரோ சொன்னார்கள் என்று இலுப்பெண்ணெய் கலந்தார். என்னைக் கேட்கவில்லை. பின்னேரம் அவருடைய வள்ளம் கரைக்கு வந்தபோது கடற்கரை முழுவதும் சிவன் கோயில் விளக்கு வாசம். மாதா கோயில் வாசலில் நின்றவர்கள் மூக்கை உயர்த்தினார்கள்.

"என்ன அண்ணை, தேர் இழுத்துக்கொண்டோ வாறியள்?" என்று வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் கத்தினார்கள்.

மச்சானுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. எஞ்சினுக்குள் படிந்த கரியைச் சுரண்டி எடுக்க எனக்கு ஒரு பகல் முழுவதும் போயிற்று. ஆனாலும் எஞ்சின் ஓடியது. ஓடியது என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் கரையில் அப்போது ஓடிய எஞ்சின்கள் கொஞ்சம். பெரும்பாலானவை சாக்கில் சுற்றி வீட்டின் பின்புறக் கோடிக்குள் கிடந்தன. எஞ்சின் ஓடிய வீட்டில் அடுப்பு எரிந்தது. தங்கைக்கு இரண்டு சிறு பிள்ளைகள். அவளுடைய அடுப்பு அந்த எஞ்சினால்தான் எரிந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

இந்த நிலையில்தான் மச்சானின் தங்கைக்கு ஒரு சம்பந்தம் வந்தது.

அவளுக்கு முப்பது தாண்டியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வடகரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்து பக்கத்துப் பாசையூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருந்தவர்கள். தகப்பனும் மகனும் ஆழக்கடல் தொழிலாளர்கள், அதாவது முன்னர். தகப்பன் கேட்டது ஒன்றே ஒன்று, ஓடுகிற எஞ்சின். மச்சான் யோசிக்கவில்லை. "இருக்கு, தாறன்" என்று சொல்லிவிட்டார்.

சீதனம் பெண்ணின் சொத்து. எங்கள் தேசவழமைச் சட்டம் அதைத் தெளிவாகவே சொல்கிறது. புருசன் தன் விருப்பத்துக்கு அதை எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. ஆனால் எங்கள் ஆட்கள் வழமை என்று நெஞ்சைத் தட்டும்போது சட்டத்தின் இந்தப் பக்கத்தை மட்டும் மறந்துவிடுவார்கள். மனைவி கொண்டுவந்தது தங்கைக்குப் போகும், தங்கை கொண்டுபோனது அவள் புருசனின் தங்கைக்குப் போகும். இப்படி ஒரே சாமான் ஊரைச் சுற்றி வரும். ஆண்கள் ஒவ்வொருவரும் தாங்கள்தான் கொடுத்ததாகச் சொல்லுவார்கள்.

நான் தங்கையிடம் போனேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"உன்னைக் கேட்டவரோ?"

"சொன்னவர்."

"கேட்டவரோ எண்டு கேக்கிறன்."

"அண்ணை, சும்மா இருங்கோ" என்றாள். பிறகு கத்தியை வைத்துவிட்டுக் கதைத்தாள். "மிசின் போனால் இவர் கம்பு ஊண்டித்தான் தொழிலுக்குப் போகவேணும். பிள்ளையளுக்கு என்ன குடுக்கிறது எண்டு எனக்குத் தெரியேல்லை. ஏலாது எண்டு சொல்லவும் வாய் வருகுதில்லை. என்னோடை ஒரே வாளியைப் பிடிச்சுத் தண்ணி தூக்கினவள் அவள். அவளின்ரை முகத்தைப் பாத்து நான் என்னெண்டு சொல்லுறது?"

"நீ சொல்லாட்டில் நான் சொல்லுறன்."

"நீங்கள் மிசினை மட்டும் பாருங்கோ."

எஞ்சினைத்தான் பார்த்தேன். விருப்பம் இல்லாத வேலைதான், ஆனால் அரைகுறையாகச் செய்ய எனக்குத் தெரியாது. கரி எடுத்தேன், பிளக் துடைத்தேன், புதிய செருப்பு ஒன்றை வெட்டினேன். மச்சான் பக்கத்தில் நின்று, மூடிக்கு எண்ணெய் பூசி மினுக்கினார். வெளியே மினுங்கினால் உள்ளேயும் சரியாகும் என்பது அவருடைய நம்பிக்கை. மச்சானின் தங்கை தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். "பொம்பிளை பாக்க வரேக்கை என்னை ஆரும் இவ்வளவு மினுக்கினதில்லை, அண்ணை" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். மச்சான் அதைக் கேட்காதவர் போல மினுக்கிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் அவர்கள் வந்தார்கள், தகப்பனும் மகனும். தகப்பன் உயரமானவர், குரல் அதைவிட உயரமானது. மகன் கதைக்கவில்லை. தங்கை பலகாரத் தட்டை நீட்டினாள். தகப்பன் ஒரு பயற்றம் பணியாரத்தை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

"பிள்ளையைக் கோயில்லை கண்டனாங்கள். அது காணும். மிசினைப் பாப்பம்."

எஞ்சினைச் சுற்றி வந்தார். விரலை மடக்கி, பலாப்பழம் பார்ப்பதுபோல மூடியைத் தட்டினார். எண்ணெய்த் தாங்கியைத் திறந்து மணந்தார். கயிற்றைக் கொஞ்சம் இழுத்து விட்டார். இவை எதுவும் ஒரு எஞ்சினைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மச்சான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

"கரையிலை ஆரும் சத்தம் காட்டலாம்" என்றார் தகப்பன். "கடல்லை ஓடிக் காட்டுங்கோ."

மண்டைதீவுப் பக்கம் தலைவைத்தும் படுக்க முடியாத காலம். பாசையூர்ப் பக்கமாகக் கரையை ஒட்டி ஓடுவது என்று முடிவாயிற்று. மழைக்கு முந்தின மாதம். பரவைக்கடல் வற்றி, சில இடத்தில் முழங்கால், சில இடத்தில் இடுப்பு. அடியில் சாதாளை என்று நாங்கள் சொல்லும் கடற்புல் பாய் விரித்ததுபோலக் கிடந்தது. அந்தப் புல்லுக்குமேல் எஞ்சின் ஓட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. காலை, அதாவது தண்ணீருக்குள் இறங்கும் பாகத்தை, ஒரு படி உயர்த்திக்கொள்ள வேண்டும். அரை வேகத்துக்கு மேல் போகக்கூடாது. இடைக்கிடை நிறுத்தி, காலைத் தூக்கி, தண்ணீர் உறிஞ்சும் ஓட்டைகளில் அடைந்த புல்லைக் கையால் வழிக்க வேண்டும். இதை வள்ளத்தில் ஏறுமுன் எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

தகப்பன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீர் மெக்கானிக்கோ?"

"ஓம்."

"நாங்கள் கரையே தெரியாத இடத்திலை மிசின் ஓடினனாங்கள். இந்தக் கழனித்தண்ணிக்கு எங்களுக்குப் படிப்பிக்கிறீரோ?"

நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான் என்னைப் பார்க்கவில்லை. வள்ளம் கொஞ்சத் தூரம் போனதும், எஞ்சின் மண்ணெண்ணெய்க்கு மாறி ஒழுங்காக ஓடத் தொடங்கியதும், அவர் எழும்பி நின்று கைபிடியைத் தகப்பனிடம் கொடுத்தார். "நீங்களே ஓடிப் பாருங்கோ" என்றார். சம்பந்தியாகப் போகிறவருக்குக் கதிரை கொடுப்பதுபோல எஞ்சினைக் கொடுத்தார். அந்த மரியாதைதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

தகப்பன் எஞ்சின் காலை அடிவரை இறக்கினார். ஆழக்கடலில் அப்படித்தான். பிறகு கைபிடியை முடியுமட்டும் முறுக்கினார். வள்ளம் மூக்கை உயர்த்திக்கொண்டு பாய்ந்தது. பின்னால் தண்ணீர் கலங்கிப் பச்சையாயிற்று. மச்சான், "பாத்தியளே! பாத்தியளே!" என்று கத்தினார். நான் முன்பக்கத்திலிருந்து தாரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் மெலிந்தது. பிறகு விட்டு விட்டு வந்தது. பிறகு சொட்டியது.

"தண்ணி வருகுதில்லை! நிப்பாட்டுங்கோ!"

"என்ன?"

"தண்ணி வருகுதில்லை!"

"தண்ணி கீழை கனக்கக் கிடக்குக் காணும்!" என்று தகப்பன் சிரித்தார். மச்சானும் சிரித்தார். ஒரு மனிதன் தன் குடும்பத்தின் சோறு கருகுவதைப் பார்த்துச் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன். மகன் மட்டும் திரும்பி எஞ்சினைப் பார்த்தான். "ஐயா, நிப்பாட்டுங்கோ, சத்தம் மாறுது" என்றான். தகப்பன் இன்னும் கொஞ்சம் முறுக்கினார். எஞ்சின் தொண்டை கட்டியதுபோல இழுத்து, இரண்டு முறை உதறி, நின்றது. மூடிக்குள்ளிருந்து புகை வந்தது.

அந்த நிலையில் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் செய்ய வேண்டியது. மூடியைக் கழற்றிவிட்டு, காற்றில் தானாக ஆறவிட்டு, பிறகு புல்லை வழித்துப் பார்க்க வேண்டும். நான் எழும்பி அங்கே போவதற்குள் தகப்பன் மூடியைக் கழற்றி, வள்ளத்துக்குள் கிடந்த, தண்ணீர் இறைக்கும் தகரப் பேணியை எடுத்துக் கடல் தண்ணீரைக் கோலினார்.

"ஊத்தாதையுங்கோ!"

ஊற்றினார். சீறிக்கொண்டு ஆவி எழும்பியது. அதற்குள் ஒரு சின்னச் சத்தம், சுள்ளி முறிவதுபோல. இரண்டாம் முறை கோலிய கையை மகன் எட்டிப் பிடித்தான். அதற்கிடையில் முடிந்துவிட்டது. ஆவி கலைந்த பிறகு பார்த்தேன். சிலிண்டரின் பக்கத்தில் தலைமயிர்போல ஒரு வெடிப்பு மேலிருந்து கீழே போயிருந்தது.

மச்சானும் மகனும் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நான் கம்பு ஊன்றினேன். தகப்பன் நடுவில் இருந்து, நேர்ச்சைக்குக் கொண்டுபோகும் சுரூபம்போல, அசையாமல் வந்தார். கரையில் நின்றவர்களுக்கு வேறு வேலை இருக்கவில்லை.

"போகேக்கை மிசின் உங்களைக் கொண்டுபோச்சு. இப்ப நீங்கள் மிசினைக் கொண்டுவாறியளோ?"

"விடுங்கோடா, மாப்பிள்ளை ஊர்வலம் வருது!"

கரையில் இறங்கியதும் தகப்பனுக்குக் குரல் திரும்பி வந்தது. பழுதான சாமானைக் காட்டி ஏமாற்றப் பார்த்தோமாம். நல்ல எஞ்சின் என்றால் ஒரு பேணித் தண்ணீருக்கு வெடிக்குமா என்று கேட்டார். "மிசின் இல்லாட்டில் கதையும் இல்லை" என்று சொல்லி நடந்தார். மகன் உடுத்த சாரம் சொட்டச் சொட்டப் பின்னால் போனான். மச்சான் என் பக்கம் திரும்பி, "நீர் முன்னமே வடிவாச் சொல்லியிருக்கலாம்தானே!" என்றார். நான் எஞ்சினைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டுபோய் முற்றத்தில் வைத்தேன்.

தங்கை எஞ்சினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து வெடிப்பின்மேல் நகத்தை ஓடவிட்டாள்.

"இது ஒட்டுமோ, அண்ணை?"

"ஒட்டாது."

"வேறை வேண்டேலாதோ?"

"எங்கை வேண்டுறது?"

அவள் அழவில்லை. எழும்பிப் போய்ப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டாள். மச்சானின் தங்கை பலகாரத் தட்டை உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த நாள் தொடங்கி மச்சான் கம்பு ஊன்றிப் போனார். கொண்டுவந்த மீனைக் கறிக்கு வைப்பதா விற்பதா என்று அந்த வீட்டில் ஒவ்வொரு நாளும் பேச்சு நடந்தது. பேச்சில் மச்சானுக்குத்தான் அதிகம் பசித்தது.

கொஞ்ச நாள் கழித்து, ஒரு காலையில், மகன் தனியாகச் சைக்கிளில் வந்தான். பின் கரியரில் சாக்கில் சுற்றி எதையோ கட்டியிருந்தான். நான் அப்போது தங்கை வீட்டு முற்றத்தில் இருந்தேன். அவன் சாக்கை அவிழ்த்தான். எங்கள் எஞ்சினின் அதே வகை, மேல்பாகம் மட்டும். சிலிண்டர், தலை, கயிறு சுற்றும் சில்லு எல்லாம் இருந்தன. காலைக் காணவில்லை.

"இது எங்கை இருந்தது?"

"கட்டிலுக்குக் கீழை, ஐயா. இடம்பெயர்ந்து வரேக்கை சாமான் ஏத்தின உழவு மிசின் பெட்டியிலை இருந்து விழுந்து கால் நொருங்கிப் போச்சு. மேல் நல்லாத்தான் கிடக்கு."

பாயும் பானையும் விட்டுவிட்டு ஓடிவந்த வீட்டில், அரை எஞ்சினைச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே பத்திரப்படுத்திக்கொண்டு, அந்தப் பெரிய மனிதர் எங்களிடம் முழு எஞ்சின் கேட்டு வந்திருக்கிறார். தன்னிடம் அரை இருக்கிறது என்று மட்டும் வாயே திறக்கவில்லை. திறந்திருந்தால் அன்றைக்கு யாரும் வள்ளத்தில் ஏறியிருக்கத் தேவையில்லை. கௌரவம் என்று அவர் எதை நினைத்தாரோ தெரியாது.

"உம்மடை ஐயாவுக்குத் தெரியுமோ இதைக் கொண்டுவந்தது?"

"அவர் பூசைக்குப் போயிட்டார்" என்றான்.

எனக்கு அவனில் வந்த முதல் மதிப்பு அது. இரண்டாவது, வேலை செய்தபோது வந்தது. எங்கள் காலின்மேல் அவர்களுடைய மேல்பாகத்தை இருத்தினோம். இரண்டுக்கும் இடையில் வைக்கத் தடித்த மட்டையை நான் வெட்டினேன். அவன் ஆணிகளை இறுக்கினான். ஒரு பக்கத்தை முழுவதும் இறுக்கிவிட்டு மறுபக்கம் போகவில்லை. மூலைக்கு மூலை மாறி, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினான். மச்சானுக்கு இதை நான் திருமண மறுநாளே சொன்னேன். அவர் இன்றைக்கும் வரிசையாகத்தான் இறுக்குகிறார்.

மருந்துப் போத்தலில் மிஞ்சியிருந்த பெற்றோலை விட்டோம். அவன் கயிற்றை இழுத்தான். மூன்றாம் இழுப்பில் பிடித்தது. பரலுக்குள் தண்ணீர் கொதிப்பதுபோலப் புரண்டது. பக்கத்தால் தாரை நேராக, கனமாக வந்தது. சத்தம் கேட்டுப் பெண்கள் இருவரும் வெளியே வந்தார்கள். அவன் குனிந்து எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்பவாவது நிமிந்து பாக்கலாம்" என்றாள் மச்சானின் தங்கை. "மிசின்தான் ஓடுதே."

நிமிர்ந்தான். அந்த மனிதனுக்குக் காது சிவந்ததை நான் கண்டேன்.

மச்சான் கடலால் வந்தார். தூரத்திலேயே சத்தம் கேட்டிருக்க வேண்டும், ஓடித்தான் வந்தார். "அப்ப சரி! சீதனத்துக்கு மிசின் ஆச்சு!" என்று கையைத் தட்டினார். வந்த வேகத்தில் அதைத் திரும்பவும் கொடுத்துவிட்டார்.

"என்ன ஆச்சு?" என்று தங்கை கேட்டாள். அவள் குரல் உயரவில்லை. "இஞ்சேருங்கோ, கால் என்ரை, என்ரை ஐயா தந்தது. மேல் அவையின்ரை. இதிலை நீங்கள் குடுக்கிறதுக்கு என்ன கிடக்கு?"

மச்சான் வாயைத் திறந்தார்.

"கேளுங்கோ. மிசின் இந்த முத்தத்திலை நிக்கும். இவர் வந்து உங்களோடை தொழில் செய்யட்டும். வாறதிலை பாதி அங்கை, பாதி இஞ்சை. இதுக்குச் சம்மதம் எண்டால் கலியாணம். சீதனம் எண்ட கதை வேண்டாம்."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளைதான் பதில் சொன்னான். "அக்கா, எனக்குத் தொழிலுக்குப் போக இடம் கிடைச்சால் காணும். நான் மிசின் கேட்டு வரேல்லை. அவர்தான் கேட்டவர்."

தகப்பன் அன்று பின்னேரமே வந்தார். கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்திருக்கிறார். வாசல் படலையிலேயே நின்று, தன்னுடைய சாமானைக் கழற்றித் தரும்படி கத்தினார். தங்கை விறாந்தையை விட்டு இறங்கினாள்.

"கழட்டுங்கோ, ஐயா, ஸ்பனர் உதிலை கிடக்கு. ஆனால் நீங்கள் தண்ணி ஊத்தி வெடிக்க வைச்சதை முதல் ஒட்டித் தந்திட்டுக் கொண்டுபோங்கோ."

அவர் ஸ்பனரைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், மகனுக்குப் பக்கத்தில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு நின்ற பெண்ணைப் பார்த்தார். கோயிலில் கண்டது காணும் என்றவர் அன்றைக்குத்தான் அவளைக் கண்டிருப்பார் என்று நினைக்கிறேன். பிறகு, தேத்தண்ணீருக்குச் சீனி இருக்கிறதா என்று கேட்டார். சீனி இல்லை, பனங்கட்டிதான் இருந்தது. அதைக் கடித்துக்கொண்டு குடித்தார்.

மழை தொடங்குமுன் கலியாணம் நடந்தது. விருந்தில் மச்சான் ஒரு பக்கம் இருந்தவர்களிடம், "எஞ்சின் குடுத்துத்தான் தங்கச்சியைக் கட்டிக் குடுத்தனான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சம்பந்தி மறுபக்கம் இருந்தவர்களிடம், "அவையின்ரை மிசின் செத்துப்போச்சு, நான்தான் எங்கடையைக் குடுத்து எழுப்பினது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் தலையாட்ட ஆட்கள் இருந்தார்கள். தங்கை சோற்றுக் கிண்ணத்தோடு இரண்டு பந்திக்கும் நடுவால் போய்வந்தாள். இரண்டு கதையும் அவளுக்குக் கேட்டிருக்கும். ஒன்றையும் அவள் திருத்தவில்லை. இருவருக்கும் சோறு போட்டாள்.

அடுத்த கிழமை எஞ்சின் அவளுடைய முற்றத்திலிருந்து கடலுக்குப் போயிற்று. மச்சான் வள்ளத்தின் முன்பக்கத்தில் இருந்தார். கைபிடியை மாப்பிள்ளை பிடித்திருந்தான்.